எடைக்கல்லாக இருந்த என் ரத்தம்

ரத்தப் பரிசோதனைத் தொழிலில் ஊசி குத்துவது எளிது. குத்தின பிறகு வருகிற எண்ணை ஒரு ஆம்பிளையிடம் சொல்லிப் புரியவைப்பதுதான் பெரும்பாடு. தொண்ணூறுகளில், பாறசாலையிலிருந்து குன்னத்துகால் போகிற வழியில், ஒரு டாக்டரின் கன்சல்டிங் ரூமுக்குப் பக்கத்து ஒற்றை அறையில் நான் லாப் வைத்திருந்தேன். லாப் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு மேஜை, ஒரு மைக்ரோஸ்கோப், மருந்து சேர்த்த ரத்தத்தின் நிறத்தைப் பார்த்து அளவு சொல்கிற கலரிமீட்டர் ஒன்று, நெய்யாற்றின்கரையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற ஓமனா. ஓமனா ரத்தம் எடுப்பார், ரிப்போர்ட் எழுதுவார். நான் கையெழுத்துப் போடுவேன், பிறகு வாய் வலிக்கப் பேசுவேன்.

சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, முகத்தை அந்தப் பக்கமாகத் திருப்பிக்கொண்டு, "கொஞ்சந்தானே எடுப்பீங்க?" என்று கேட்ட அனுபவம் உள்ள எல்லா ஆம்பிளைகளும் எனக்குச் சொந்தக்காரர்கள். அவர்களை உத்தேசித்துத்தான் இதை எழுதுகிறேன். பெண்களும் படிக்கலாம். சிரிக்காமல் இருக்க முடிந்தால் நல்லது.

வெறும் வயிறு

குன்னத்துகாலில் ரப்பர் மரத்தைக் கீறிப் பால் வெட்டுகிற தங்கையன் அண்ணன் முதன்முதலாக வந்தது ஒரு கோடைக்காலத்தில். ஆள் நல்ல உயரம், கையில் எப்போதும் ரப்பர் பால் மணம். உடம்பு தளர்கிறது, தாகம் எடுக்கிறது என்று டாக்டரிடம் போக, அவர் வெறும் வயிற்றில் சுகர் பார்த்து வரச் சொல்லி அனுப்பியிருந்தார். காலையில் ஏதாவது சாப்பிட்டீர்களா என்று நான் முறைப்படி கேட்டேன். ஒன்றுமில்லை என்று தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார். ஓமனா ரத்தத்தை எடுத்து, பஞ்சை வைத்து, கையை மடக்கச் சொன்னபோது அண்ணனுக்கு ஒரு ஏப்பம் வந்தது. அறை முழுவதும் பனையின் மணம்.

விசாரித்ததில் உண்மை தவணை தவணையாக வெளியே வந்தது. விடியும் முன்னே மரம் வெட்டப் போகிறவருக்கு நாலு மணிக்கு ஒரு கட்டன் சாயா, பாலில்லாமல் சீனி மட்டும் போட்டது. ஏழு மணிக்கு மச்சான் பனையிலிருந்து இறக்கின அக்கானி, அதுதான் நீங்கள் பதநீர் என்கிறீர்களே, அது இரண்டு சிரட்டை. வருகிற வழியில் ஒரு பழம், அதுவும் சின்னது. இதெல்லாம் கணக்கில் வராதா அண்ணே என்று கேட்டேன். சோறும் கிழங்கும் தவிர மற்றதெல்லாம் சாப்பாட்டில் சேராது என்பது எங்கள் பக்கத்து ஆம்பிளைகளின் நம்பிக்கை. எனக்கும் அந்த நம்பிக்கை உண்டு, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். எடுத்த ரத்தத்தைக் கொட்டிவிட்டு நாளைக்கு வரச் சொன்னேன். அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அக்கானி குடிச்சதுக்கா சாரே ரத்தத்தைக் கொட்டுனிய? அது பனை தந்ததாக்கும், நான் ஒண்ணும் தின்னேல்ல."

இருநூற்றிப் பத்து

மறுநாள் உண்மையாகவே வெறும் வயிற்றோடு வந்தார். சுகர் இருநூற்றிப் பத்து. எழுபதிலிருந்து நூற்றிப் பத்து வரை இருக்க வேண்டியது. ரிப்போர்ட்டில் நார்மலுக்கு வெளியே நிற்கிற எண்ணின் அடியில் சிவப்பு மையால் கோடு போடுவது என் வழக்கம். கோட்டைப் போட்டு, முகத்தை டாக்டர் மாதிரி வைத்துக்கொண்டு, மாத்திரை வேண்டும், காலில் புண் வராமல் பார்க்க வேண்டும், அக்கானியும் கருப்பட்டியும் கூடாது என்று அரைமணி நேரம் பிரசங்கம் செய்தேன். பக்கத்து டாக்டரும் அதையே இரண்டு நிமிஷத்தில் சொல்லி மாத்திரை எழுதினார்.

அண்ணன் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் பயம் இல்லை, ஒருவிதச் சந்தோஷம் இருந்தது. அந்த நாளில் கேரளத்தில் பத்தாம் வகுப்பு ஜெயிக்க அறுநூற்றுக்கு இருநூற்றிப் பத்து மார்க் வேண்டும். அந்த எண் எங்கள் ஊரில் எத்தனையோ வீடுகளைச் சிரிக்கவும் அழவும் வைத்திருக்கிறது. அண்ணன் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"எனக்க பய ரெண்டு தடவ எழுதியும் இருநூற்றி ரெண்டுக்கு மேல போகேல்ல சாரே. வீட்டுல நானாவது பாஸ் ஆனேனே."

கல்யாண ரத்தம்

பூவாரில் படகு ஓட்டுகிற ஒருவர், ஒரு கல்யாணத்துக்கு வந்தவர், மறுநாள் காலையில் கொழுப்புப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தார். சுழற்றி எடுத்த பிறகு ரத்தத்தின் மேல்நீர் தெளிவாக நிற்க வேண்டும். இவருடையது பால் மாதிரி வெள்ளையாக நின்றது. முந்தின ராத்திரிச் சாப்பாட்டின் நெய்யும் எண்ணெயும் இன்னும் ரத்தத்தில் மிதக்கிறது என்று டியூபைத் தூக்கிக் காட்டி உபதேசம் செய்தேன். அதே கல்யாணத்தில் அவருக்கு எதிர் இலையில் உட்கார்ந்து மூன்று வகைப் பாயசத்தையும் இரண்டிரண்டு தடவை வாங்கிக் குடித்தவன் நான். அதை மனிதர் மறக்கவில்லை.

"சாரே, உங்க டியூப எப்போ காட்டுவிய?"

பிள்ளைவாளும் சிவப்புக் கோடும்

நீலகண்ட பிள்ளை தாலுக்கா ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய நிலமும் பழைய ஃபைல்களும் உள்ள குடும்பம். ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் முதலில் சீல் இருக்கிறதா என்று பார்ப்பார், பிறகு தேதி, பிறகு கையெழுத்து. எண்களைக் கடைசியில்தான் பார்ப்பார். அன்று அவருக்கு ஹீமோகுளோபின் பன்னிரண்டு புள்ளி எட்டு. ஆண்களுக்குப் பதின்மூன்றாவது வேண்டும், பெண்களுக்குப் பன்னிரண்டு போதும். நான் அடியில் சிவப்புக் கோடு போட்டிருந்தேன்.

இது என்ன கோடு என்று கேட்டார். ரத்தத்தின் சத்து கொஞ்சம் குறைவு என்று மட்டும் சொல்லியிருந்தால் போதும். வாய் சும்மா இருக்குமா? பெண்ணாக இருந்தால் இது நார்மல்தான், ஆணுக்குத்தான் குறைவு என்று விளக்கினேன். ஆம்பிளைக்கு ரத்தம் குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம், டாக்டரைப் பாருங்கள் என்றும் சொன்னேன். அது சரியாகவும் இருந்தது. இரண்டு வருஷமாக மூல வியாதியை வெளியே சொல்லாமல் மறைத்து வைத்திருந்தவர், டாக்டரின் வைத்தியத்துக்குப் பிறகு மாதம் தவறாமல் என்னிடம் வந்து எல்லாவற்றையும் பரிசோதித்து, ரிப்போர்ட்டுகளை நாடா போட்ட ஃபைலில் அடுக்க ஆரம்பித்தார். ஆனால் அன்று, அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு அவர் கேட்டதுதான் எனக்கு இன்னும் காதில் கிடக்கிறது.

"பாயிண்ட் ரெண்டுக்கு ஒரு ஆளை ஆம்பிளை இல்லேண்ணு எழுதுதீரா ஓய்?"

எடைக்கல்

இனி என் சொந்தக் கதை. மெஷின் சரியாக அளக்கிறதா என்று தினமும் காலையில் பார்க்க வேண்டும். பெரிய லாப்களில் அதற்கென்று அளவு தெரிந்த ரத்தநீரைக் குப்பியில் வாங்குவார்கள். என் மாதிரிச் சின்ன லாப்களில் ஒரு குறுக்குவழி உண்டு. நோயில்லாத ஒரு ஆளின் ரத்தத்தை எடுத்துப் பார்ப்பது. அவருக்கு நார்மல் வந்தால் மெஷின் சரி. என் லாபில் அந்த ஆள் நான். ஆறு வருஷமாகக் காலையில் ஓமனா என் விரலில் குத்துவார், சுகர் தொண்ணூறு வரும், ஒன்றிரண்டு முன்னே பின்னே. கடைக்காரனுக்கு எடைக்கல் எப்படியோ அப்படி எனக்கு என் ரத்தம். இந்த வட்டாரத்து ஆம்பிளைகள் எல்லாரும் என்னை வைத்துத்தான் நிறுக்கப்படுகிறார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

ஆனிக் கடைசியில் ஒரு நாள் என் சுகர் நூற்றி இருபத்தெட்டு வந்தது. பாயசத்தின் வேலை, இரண்டு நாளில் சரியாகும் என்று விட்டேன். ஆகவில்லை. உடனே மெஷின் கெட்டுவிட்டது என்று முடிவு செய்தேன். ரத்தத்தில் சேர்க்கிற மருந்தை மாற்றினேன். டியூப்களை மூன்று தடவை கழுவினேன். கரண்டில் வோல்டேஜ் குறைவு என்று மின்சார ஆபீஸ்வரை போய்ச் சண்டை போட்டேன். எதற்கும் அந்த எண் இறங்கவில்லை. மெஷின் காட்டுகிற அளவை ஒரு எண்ணால் பெருக்கித்தான் நாங்கள் சுகர் கணக்குப் போடுவோம். கடைசியில், பேனாவை எடுத்து, அந்தப் பெருக்குகிற எண்ணைக் குறைத்தேன். என் சுகர் மறுபடி தொண்ணூறு ஆயிற்று. மூன்று வாரம் கழித்து மறுபடி ஏறினது, மறுபடி குறைத்தேன்.

அந்தச் சமயத்தில் எனக்குத் தாகம் அதிகம், வெயிலே இல்லாத மழைக்காலத்தில். பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டேன். அலைச்சல் என்று மனைவியிடம் சொன்னேன். உள்ளே எங்கோ ஒரு மூலையில் எனக்குத் தெரிந்துதான் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். பெருக்குகிற எண்ணை மாற்றும் முன் வேறு ஒரு ஆளின் ரத்தத்தையும் பார்க்கலாமே என்று ஓமனா சொன்னார். ஆறு வருஷமாக மாறாத ரத்தம் இது, எனக்கு என் ரத்தத்தைத் தெரியாதா என்று எரிந்து விழுந்தேன். ஓமனா ஊசியைக் கழற்றி வைத்தார்.

"ரத்தம் மாறாதுண்ணா, பின்ன ஆளுவ எதுக்கு சாரே நம்மகிட்ட வாறாவ?"

பாவக்காயின் புகழ்

ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த தங்கையன் அண்ணன் கர்க்கடக மாதத்தில், அதாவது நம் ஆடியில், பரிசோதனைக்கு வந்தார். நூற்றி எட்டு. நான் துள்ளிவிட்டேன். அண்ணன் துள்ளவில்லை, ரகசியத்தைச் சொன்னார். ஒரு மாதமாகக் காலையில் பாவக்காயைச் சதைத்துச் சாறு குடிக்கிறாராம். அந்தச் செய்தி சாயக்கடை, அதாவது டீக்கடை, வழியாக ஊரெல்லாம் பரவியது. ஊரில் பாகற்காய்க்குத் தட்டுப்பாடு வருகிற அளவுக்கு ஆம்பிளைகள் சாறு குடித்துவிட்டு என்னிடம் வந்தார்கள். எல்லாருக்கும் சுகர் இறங்கியிருந்தது. சிலருக்கு ஐம்பத்தைந்து, அறுபது என்று வந்தது. கர்க்கடக மழையில் வேலையில்லை, வீட்டில் அடுப்பு எரியவில்லை, அதனால் குறைந்திருக்கும் என்று நானே காரணம் கண்டுபிடித்து, சீனி போட்டுச் சாயா குடியுங்கள் என்று புத்தி சொல்லி அனுப்பினேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

மாத்திரை இனியும் வேண்டுமா என்று தங்கையன் அண்ணன் கேட்டார். டாக்டரிடம் கேளுங்கள் என்பது ஒன்றுதான் நான் சொல்ல வேண்டிய பதில். ஆனால் தாளில் ஒரு சிவப்புக் கோடும் இல்லாத பெருமையில், "நம்பர் நல்லாத்தான் இருக்கு அண்ணே" என்று சொன்னேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது, மாத்திரையை அன்றோடு விட்டார். மறுவாரம் ஓலைப்பெட்டியில் எனக்குக் கருப்பட்டி கொண்டுவந்தார். மேஜை மேல் வைத்து, ஒரு துண்டை உடைத்துக் கையில் தந்தார்.

"தின்னுங்க சாரே. உங்களுக்கு என்ன பயம், ஊருக்கே அளவு பாக்குற ரத்தமாக்கும்."

ஃபைல் பேசியது

சிங்கம், அதாவது ஆவணி, முடிந்து கன்னி மாதமும் பிறந்துவிட்டது. ஒரு காலையில் நீலகண்ட பிள்ளை ஃபைலோடு வந்து, உட்காரச் சொல்லும் முன்பே உட்கார்ந்தார். மகள் வீட்டுக்குக் காட்டாக்கடை போனவர், அங்கே ஒரு லாபில் சுகர் பார்த்திருக்கிறார். தொண்ணூற்றாறு. அதே வாரம் நான் கொடுத்த தாளில் ஐம்பத்தெட்டு. கற்கண்டு வாயில் போட்டுக்கொள்ளுங்கள் என்று நான் சொன்ன புத்திமதியையும் அவர் ரிப்போர்ட்டின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். ஃபைலை விரித்தார். ஆனி வரைக்கும் எல்லாம் தொண்ணூறுகள். அதற்குப் பிறகு அறுபதுகள், ஐம்பதுகள். காட்டாக்கடைக்காரனுக்குத் தொழில் தெரியாது என்று நான் வாதாடினேன். பிள்ளைவாள் ஃபைலை மூடினார். லாப் ரெஜிஸ்டரை எடுக்கச் சொன்னார். ஓமனா என்னைக் கேட்காமலே எடுத்து வைத்தார். இரண்டரை மாதத்தில் சுகர் கூடுதல் என்று சிவப்புக் கோடு வாங்கின ஆள் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குக்கூட இல்லை.

அன்றே ஓமனா பிள்ளைவாளிடமும் என்னிடமும் ரத்தம் எடுத்தார். இரண்டு குப்பி, பெயர் இல்லை, ஒன்று இரண்டு என்று எண் மட்டும். மத்தியான பஸ்ஸில் நெய்யாற்றின்கரைக்குக் கொண்டுபோய், தெரிந்த ஒரு லாபில் கொடுத்து, கையோடு முடிவை வாங்கிக்கொண்டு சாயங்காலம் திரும்பிவந்தார். ஒன்றாம் குப்பி, பிள்ளைவாள், தொண்ணூற்று நாலு. இரண்டாம் குப்பி நூற்றி அறுபத்து நாலு. பிள்ளைவாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் கலரிமீட்டரைப் பார்த்தேன். இன்னும் ஒரு வழி இருந்தால் அதன் மேல் பழியைப் போட்டிருப்பேன்.

"மெஷீனுக்குக் கேடு ஒண்ணும் இல்ல சாரே," என்றார் ஓமனா. "கேடு சாருக்காக்கும்."

குன்னத்துகால் போனது

என் சுகரைப் பற்றி யோசிக்க அன்று எனக்கு நேரமில்லை. நார்மல் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பின பெயர்களை ரெஜிஸ்டரில் விரல் வைத்துத் தேடினேன். முதல் பெயர் தங்கையன். கர்க்கடகத்துக்குப் பிறகு அவர் வரவே இல்லை. மறுநாள் விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். ரப்பர் தோட்டத்தின் ஓரத்து வீட்டில், வெட்டுக்குப் போயிருக்க வேண்டிய நேரத்தில், அண்ணன் ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார். வலது காலில் துணிக்கட்டு. தோட்டத்தில் மரக்குற்றி குத்தி மூன்று வாரம் ஆகிறது, வலியே இல்லை, அதனால் பெரிதாக எடுக்கவில்லை என்றார். அவர் மனைவி செல்லம்மாள் கட்டை அவிழ்த்தார். பெருவிரலுக்கு அடுத்த விரல் கறுத்திருந்தது. வலி இல்லாததுதான் அதில் பயங்கரம் என்று அவர்கள் இருவருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும்.

நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குச் சுகர் வந்தது, அதை ஒத்துக்கொள்ள மனமில்லாமல் கணக்கை மாற்றினேன், அதனால் உங்களுக்குத் தந்த நூற்றி எட்டு பொய், பாவக்காய் ஒன்றும் செய்யவில்லை, மாத்திரையை விட்டது என் வார்த்தையால்தான். வெட்கத்தைவிடப் பயம்தான் அதிகம், இந்தக் கால் போய்விட்டால் இவர் எந்த மரத்தடியில் நிற்பார் என்ற பயம். செல்லம்மாள் என்னைப் பார்க்கவில்லை, மாற்று வேட்டியைப் பையில் எடுத்து வைக்கத் தொடங்கினார். ஒரு ஜீப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே சுகர் முன்னூறைத் தாண்டியிருந்தது. கால் தப்புமா என்று இரண்டு நாள் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார்கள்.

அந்த இரண்டு நாளும் நான் வராந்தாவில் இருந்தேன். கால் தப்பியது, அந்த ஒரு விரல் போயிற்று. கட்டிலில் கிடந்த அண்ணனிடம் போய் நின்றேன். மன்னிப்பு என்ற வார்த்தை வாயில் வரவில்லை. அவர் வெள்ளைக் கட்டைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னார்.

"பயப்பட்டது நீங்க சாரே. வெட்டுப்பட்டது எனக்க காலு."

தந்ததைத் திருப்பிக் கேட்டது

மற்றவர்களைக் கூப்பிட வேண்டுமே. பக்கத்து டாக்டர் என்னைக் கதவைச் சாத்திவைத்துப் பத்து நிமிஷம் திட்டினார். ஒரு மணி நேரம் திட்டியிருக்கலாம். முதல் காரியமாக, அளவு தெரிந்த ரத்தநீர்க் குப்பியை வாங்கி வைத்தேன். ஓமனா பட்டியல் எழுதினார், முப்பத்தொன்பது பேர். சிலருக்குக் கார்டு போட்டோம், மற்றவர்களின் வீடு வீடாக நான் போனேன். தவறான ரிப்போர்ட் தந்துவிட்டேன், மறுபடி வந்து ரத்தம் தாருங்கள் என்று கையைக் கூப்பினேன்.

சண்டைக்கு வருவார்கள் என்று பயந்தால், நடந்தது வேறு. குறைவு என்று சொல்லப்பட்டவர்கள் அன்றைக்கே வந்தார்கள். நார்மல் வாங்கினவர்கள் வரவே மாட்டேன் என்றார்கள். ஒருவர் என் தாளைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். இன்னொருவர் என்னை வீட்டுக்குள் விடாமல் வாசலிலேயே நிறுத்திப் பேசினார். பன்னிரண்டு பேரை அவர்கள் மனைவிமார் இழுத்துக்கொண்டு வந்தார்கள். அவர்களில் ஏழு பேருக்குச் சிவப்புக் கோடு. கடைசிவரை வர மறுத்த சாயக்கடைக்காரரிடம் நாலாவது தடவை போய் பெஞ்சில் உட்கார்ந்தபோது அவர் கொதிக்கிற பாலைக் கவனித்துக்கொண்டே என்னிடம் நியாயம் கேட்டார்.

"நார்மல்ணு எழுதி, ஒப்பும் போட்டுத் தந்ததாக்கும். தந்ததைத் திருப்பிக் கேக்கியது மரியாதையா சாரே?"

நான் எழுந்திருக்கவில்லை. அவர் மனைவி அடுப்படியிலிருந்து வந்து கடையின் பலகையை எடுத்து மூடி, அவரை லாபுக்குக் கிளப்பும்வரை அங்கேயே இருந்தேன். அவருக்கு இருநூற்றி நாற்பது.

முதல் ஊசி

மாத்திரை தின்கிற ஆளாக நானும் மாறினேன். ஓமனா என் ரிப்போர்ட்டையும் ஊரார் ரிப்போர்ட் மாதிரியே எழுதி, அடியில் சிவப்புக் கோடு போட்டு, உறையில் வைத்துத் தருவார். அதை வாங்கும்போது என் வாயிலிருந்து என்னவெல்லாம் வந்தது என்று கேளுங்கள். ராத்திரி தூக்கம் சரியில்லை, அதனால் இருக்கும். காலையில் கட்டன் சாயா மட்டும்தான் குடித்தேன், சீனி அரைக்கரண்டிதான். முறுக்கு இரண்டு, அதுவும் சின்னது. ஓமனா அடுத்த ரிப்போர்ட்டை எழுதிக்கொண்டே கேட்பார். ஆறு வருஷமாக நான் மற்றவர்களிடம் கேட்டுச் சிரித்த எல்லாக் காரணங்களும் எனக்கு வரிசை தப்பாமல் மனப்பாடமாகத் தெரிந்திருந்தன.

மகரத்தில், நம் தை மாதத்தில், ஒரு காலை தங்கையன் அண்ணன் லாப் வாசலில் வந்து நின்றார். ஆஸ்பத்திரியிலிருந்து போன பிறகு அவர் நெய்யாற்றின்கரையில்தான் ரத்தம் பார்க்கிறார் என்று தெரியும், இனி என் படி ஏறமாட்டார் என்றே நினைத்திருந்தேன். புதுச் செருப்பு, நடையில் ஒரு சின்ன சாய்வு. மரம் வெட்ட மறுபடி போகிறாராம், இருநூறு மரம்தான், முன்னைப் போல நானூறு இல்லை. உட்காருங்கள் அண்ணே என்று நாற்காலியைத் துடைத்தேன். ஓமனா பஞ்சை நனைத்தார். அண்ணன் உட்கார்ந்தார், ஆனால் சட்டைக் கையைச் சுருட்டவில்லை. இன்னொரு நாற்காலியை இழுத்து, தன் பக்கத்தில் போட்டார்.

"முதல்ல சாருக்கு எடு மோளே. சாருக்க நம்பர் என்னாண்ணு கேட்டுட்டு நான் கைய நீட்டுதேன்."

அன்றிலிருந்து மாதம் ஒருநாள் எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. மற்றவர்களை நிறுக்கிற எடைக்கல்லையும் அப்பப்போ நிறுத்துப் பார்க்க வேண்டும் என்பதை ஒரு விரலைக் கொடுத்துத்தான் நான் கற்றுக்கொண்டேன், அந்த விரலும் என்னுடையது இல்லை.